பரசுராமன் சார் பிள்ளை பிடித்த கதை

பரசுராமன் சாரைப் பற்றி ஏனாத்தூரில் யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். குடிக்க மாட்டார், வாயாட மாட்டார், திருவிழாவில் எந்த வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் செய்வார். ஆனால் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அவருக்குள் வேறொரு ஆள் புகுந்துகொள்வான். சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளிடம் பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்று சொல்லிப் பயமுறுத்துவார்களே, அவனேதான். இவரிடம் கோணிப்பை கிடையாது. ஒரு ஸ்கூட்டியும் வாய் நிறைய இனிப்பும் உண்டு.

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் அவர் தொழிற்கல்வி ஆசிரியர். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் ஜவுளித் தொழில்நுட்பம் என்று ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பாடத்தை நடத்துகிறவரும் அவரே, பரிசோதனைக்கூடத்தைப் பூட்டித் திறக்கிறவரும் அவரே, பல நாள் அதைப் பெருக்குகிறவரும் அவரே. பள்ளியின் தாளாளர் உதயகுமார் அந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் பதினொன்றாம் வகுப்பில் புதிதாக இருபது பிள்ளைகள் சேர வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் பிரிவை இழுத்து மூடிவிட்டு அந்த அறையில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுவிடுவார். பிரிவு போனால் பரசுராமனும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஐம்பதை நெருங்குகிற வயதில் ஏதாவது ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராகப் போய் நிற்க அவர் தயாராக இல்லை.

தானாக வந்து சேருகிறவர்கள் யாரும் இல்லை. ஊருக்குள் தறி வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், வீட்டில் கிடப்பதைப் பள்ளிக்கூடத்தில் வேறு போய்ப் பார்க்க வேண்டுமா என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அதனால் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் அவர் வெளியூர் கிளம்பிவிடுவார். வாலாஜாபாத், அதைச் சுற்றிய சின்ன ஊர்கள், தென்னேரிக் கரை என்று வீடு வீடாகப் போவார். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது அவருக்கு மோப்பத்திலேயே தெரியும். மற்ற மாதங்களில் காலனிக்காரர்களை நீ, வா என்று பேசுகிறவர் வாயில் ஜூன் மாதத்தில் மட்டும் நீங்க, வாங்க என்று வரும்.

அவர் பேச்சு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மற்ற குரூப்பில் எல்லாம் மண்டையை உடைக்கும் பாடங்கள். இதில் தமிழ், இங்கிலீஷ், கூட ஒன்றிரண்டு லேசான தாள், அப்புறம் தொழிற்பாடம், அதற்குச் செய்முறை. செய்முறை மார்க் அவர் கையில். பிள்ளை பள்ளிக்கு வந்தால் போதும், ஃபெயில் என்கிற பேச்சே கிடையாது. பன்னிரண்டு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம். முதல் வருஷம் படிக்கவே வேண்டாம். மற்றவன் மூன்று வருஷம் படிக்கிற டிப்ளமாவை உங்கள் பிள்ளை இரண்டே வருஷத்தில் வாங்கிவிடும் என்று முடிப்பார். கேட்கிறவர்களுக்கு அந்த இடத்தில் கண் விரியும்.

பத்தாவது முடித்த கையோடு நேரே பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் மூன்றே வருஷத்தில் அதே டிப்ளமா, இவர் சொல்கிற வழியில் போனால் நான்கு வருஷம் என்று எந்தத் தகப்பனும் விரல் விட்டு எண்ணிப் பார்த்ததில்லை. இவரும் எண்ணிக் காட்டியதில்லை. பாலிடெக்னிக்கின் முதல் வருஷத்தில்தான் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைத் தாண்டிக் குதித்த பிள்ளைகள் இரண்டாம் வருஷத்தில் போய் விழித்துக்கொண்டு நிற்கும். அரியர் மேல் அரியர் விழும். அப்புறம் ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடும். அவர் பிடித்த பிள்ளைகளில் டிப்ளமாவைக் கையில் வாங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வழியில் எங்காவது கம்பெனிச் சட்டையோடு பார்த்தால் அவரே வண்டியை நிறுத்தி, நல்லா இருக்கியாப்பா என்று விசாரிப்பார். அதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

பரிசோதனைக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு தறி. அதில் பாவு நூல் ஏற்றியது யார் என்பது அவருக்கே ஞாபகமில்லை. ஒரு முழத் துணி நெய்து அப்படியே நின்றிருந்தது. வருஷா வருஷம் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் அதன்மேல் படிந்த தூசியைத் தட்டுவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக உட்கார்ந்து நூல் சுற்றிய நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு தரம் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள். அடுத்த நாள் குறுக்கே ஓடிய அந்த ஊடை நூலை மெதுவாகப் பிரித்து எடுத்துவிடுவார். அதனால் துணி எந்த வருஷமும் அந்த ஒரு முழத்தைத் தாண்டவில்லை. எல்லாருக்கும் ஒரே மார்க். நெய்தவனுக்கும் அதேதான், நெய்யாதவனுக்கும் அதேதான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். போன ஜூனில்தான் அவர் தலையில் இடி விழுந்தது. பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். இருபதாவது ஆளாக வாக்குக் கொடுத்த ஒரு பையன் கடைசி நாளில் ஐடிஐக்கு ஓடிவிட்டான். தாளாளர் வந்து தலை எண்ணப்போகிறார். அவர் ஒரு சொல்லை மாற்றிச் சொல்கிற மனிதர் இல்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது மகள் சத்யப்ரியா கூடத்தில் உட்கார்ந்து பயாலஜி புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். அதே பள்ளியில் பயாலஜி குரூப்பில் இடம் சொல்லி வைத்தாகிவிட்டது. பார்மஸி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மாத்திரைப் பெட்டிக்குள் நான்காய் எட்டாய் மடித்து ஒரு மெல்லிய தாள் வைத்திருப்பார்களே, யாரும் படிக்காமல் தூக்கிப்போடுவது, அதை அவள் வரி விடாமல் படிப்பாள். தெருவில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் எந்த மாத்திரை எதற்கு என்று கேட்க அவளிடம்தான் வருவார்கள்.

பரசுராமன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு மாசந்தான் பாப்பா. தாளாளர் வந்து தலை எண்ணிட்டுப் போவட்டும். அடுத்த நாளே உன்ன பயாலஜிக்கு மாத்திடறேன்" என்றார்.

"அதுக்குள்ள அங்க சீட்டு நெறஞ்சிடாதாப்பா?"

"நான் அந்த ஸ்கூல்லதானே இருக்குறேன். எனக்குத் தெரியாம எவன் நெறப்புவான்?"

இதில் வீட்டில் யாருக்கும் தப்பாக ஒன்றும் படவில்லை. ஆள் எண்ண வருகிற நாளில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைப்பது அந்தப் பள்ளியில் பழைய வழக்கம். பரசுராமனே எத்தனையோ தரம் மற்ற வகுப்புகளுக்குத் தன் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார். மழைக்குக் குடை கொடுத்து வாங்குவதுபோல அதை எல்லாரும் செய்தார்கள். அவர் மனைவி இளவரசி மட்டும், "குடை வேற, புள்ள வேற" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அப்புறம் அவளும், ஒரு மாசந்தானே என்று விட்டுவிட்டாள். சத்யப்ரியா அட்டை போட்ட புத்தகங்களை அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்தாள்.

தாளாளர் வந்தார். இருபது தலை இருந்தது. போய்விட்டார்.

மகளை மாற்றுவதற்கு அடுத்த நாள் என்று சொன்னது அடுத்த வாரம் ஆயிற்று. அதற்குள் ஒரு பையன் ஒரகடத்தில் ஹெல்பர் வேலைக்குப் போய்விட்டான். இப்போது இவளையும் எடுத்தால் இரண்டு தலை குறையும், காலாண்டில் தாளாளர் மறுபடி எட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்று பரசுராமனுக்குக் கவலை. மகள் கேட்கும்போதெல்லாம் ஆன்லைனில் ஏதோ சிக்கல், மேடம் லீவு, வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று ஏதாவது சொன்னார். பொய் சொல்வதில் அவருக்குப் பழக்கம் இருந்தது. வீட்டுக்குள் சொல்வதுதான் புதிது.

ஒருநாள் தலைமையாசிரியை மணியம்மாள் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பயாலஜியில் ஒரு இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு வாரத்தில் எல்லார் பெயரையும் ஆன்லைனில் ஏற்றிவிடுவார்கள், அப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, பெண்ணை மாற்றிவிடலாமா என்று கேட்டார். பெண்ணைப் பெற்ற எந்த மனிதனும் அந்த இடத்தில் கை கூப்பியிருப்பான்.

"வேணாம் மேடம். அவளே இதுலதான் இஷ்டமா இருக்கா" என்றார் பரசுராமன்.

நாக்கு கொஞ்சம் தடுக்கியிருந்தாலாவது அவரை மன்னிக்கலாம். தடுக்கவில்லை. ஊர் ஊராகச் சொல்லிப் பழகிய நாக்கு. அறையை விட்டு வெளியே வந்து கேன்டீனில் ஒரு டீ குடித்தார். டீ நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து மணியம்மாள் வராந்தாவில் சத்யப்ரியாவைப் பார்த்தார். நல்ல மனுஷி. பெண்ணின் தோளைத் தட்டி, அப்பாவோட பாடத்தையே விரும்பி எடுத்தியாமே, அப்பா சொன்னார், பெருமையா இருக்கு என்றார். பரசுராமன் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். மகள் வாயைத் திறந்தால் மானம் போகும், வேலையும் போகும். சத்யப்ரியா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மணியம்மாளிடம், "ஆமா மேடம்" என்றாள்.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மகளே ஒத்துக்கொண்டாள், இனிமேல் பேச என்ன இருக்கிறது என்று தனக்குள் தீர்ப்பும் எழுதிக்கொண்டார். பள்ளியில் அவள் அவரை சார் என்று கூப்பிடுவது வழக்கம். அன்றிலிருந்து வீட்டிலும் சார் என்றே கூப்பிட்டாள். சார், சாப்பாடு ஆயிடுச்சு. சார், உங்களுக்குப் போன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று இரண்டு நாள் சிரித்தார். இளவரசி சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் படிப்பில் நேரடிப் பயிற்சி என்று ஒன்று உண்டு. தொழில் நடக்கிற இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பரசுராமன் அவர்களைக் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடைக்கு அழைத்துப் போவார். முகூர்த்த நாட்களில்தான் கடைக்காரருக்கு ஆள் தேவைப்படும், அதனால் பயிற்சியும் முகூர்த்த நாட்களில்தான் நடக்கும். கல்யாண வீட்டார் கூட்டமாக வந்து உட்கார்ந்து, புடவைகளை மலைமலையாகப் பிரித்துப் போட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து போவார்கள். பிள்ளைகள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் மடிக்க வேண்டும். அதுதான் பயிற்சி.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒருநாள் சத்யப்ரியா மடித்துக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் அம்மாவோடு வந்தாள். அக்காவுக்குக் கல்யாணம். அந்தப் பெண் பயாலஜியில் இருக்கிறாள். அவள் அம்மா, நம்ம சத்யாவா, லீவுக்கு வேலைக்கு வந்தியாம்மா என்று உண்மையான அன்போடு கேட்டாள். பரசுராமன் குறுக்கே புகுந்து, இது ட்ரெய்னிங், கோர்ஸ்லயே இருக்குது என்று விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் கடை ஆள் ஒருவன், ஏய் பொண்ணு, வாய் பார்க்காம அந்த அரக்கை மடிச்சு வை என்று அதட்டினான். பரசுராமன் காதில் விழாதவர்போல வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். அடுத்த வருஷமும் இதே கடைக்குத்தான் வர வேண்டும், எதற்கு முகத்தை முறித்துக்கொள்வது என்று நினைத்தார். சத்யப்ரியா அரக்கு நிறப் புடவையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

இந்த வருஷ ஜூன் வந்தது. வண்டியைத் துடைத்துக்கொண்டு பரசுராமன் மறுபடி கிளம்பினார். முதல் நாளே ஒரு வீட்டில் தகப்பன் பிடி கொடுக்காமல் பேச, அவர் வாயில் தானாக ஒரு வார்த்தை வந்து விழுந்தது. "என் பொண்ணையே இதுலதான் போட்டிருக்குறேன். தப்பான படிப்பா இருந்தா பெத்தவன் போடுவானா?"

அந்த வீடு அப்படியே கவிழ்ந்தது. பரசுராமனுக்கே ஆச்சரியம். இத்தனை வருஷம் நேராக இரண்டாம் வருஷம், கையில் மார்க் என்று தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் இந்த ஒரு வரிக்கு முன்னால் ஒன்றுமில்லை. கெட்ட வேளையில் செய்த காரியம் இப்படிக் கை கொடுக்கும் என்று அவர் கனவிலும் எண்ணவில்லை. அடுத்த நாளிலிருந்து சத்யப்ரியாவையும் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டார். யூனிஃபார்ம் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவள் முதல் மாதத்திலிருந்தே வகுப்பில் முதல். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு நடுவில் முதலாக வருவதற்கு அவள் ஒன்றும் பாடுபட வேண்டியிருக்கவில்லை. அதையும் சொல்லிக்கொண்டார்.

அவள் எந்த வீட்டிலும் பேசவில்லை. கேட்டால் தலையை அசைப்பாள். அந்த அடக்கத்தைப் பார்த்தே இரண்டு தாய்மார்கள் தங்கள் பெண்களைச் சேர்த்தார்கள். பத்தொன்பது வரைக்கும் தடையில்லாமல் முடிந்தது. இருபதுதான் இழுத்தது.

தென்னேரிக் காலனியில் பொன்னி என்று ஒருத்தி. கணவன் ஜோசுவா பெயின்ட் அடிக்கிற வேலையாக வெளியூரில் இருந்தான். பொன்னி ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்தாள். ஒரே பெண் கலையரசி, பத்தாம் வகுப்பில் சுமாருக்கு மேலே மார்க். பரசுராமன் போனபோது பொன்னி ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வாத்தியார் வந்திருக்கிறார் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சத்யப்ரியாவையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவள் வரவில்லை. வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அன்று காலையிலிருந்து இது நான்காவது வீடு. நான்கு வீட்டிலும் அதே பேச்சைக் கேட்டு அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பொன்னி இரண்டு டம்ளரில் ரஸ்னா கலந்து கொண்டுவந்தாள். சத்யப்ரியா டம்ளரை வாங்கினாள், குடிக்க முடியவில்லை, சுவர் ஓரமாக வைத்துவிட்டாள். பொன்னி அதைப் பார்த்தாள்.

பரசுராமன் தன் பேச்சை ஆரம்பித்து முடித்தார். பொன்னி மரியாதையாகவே மறுத்தாள். கலையரசிக்கு அக்கவுண்ட்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசை, வாலாஜாபாத்திலேயே காமர்ஸ் குரூப்பில் இடம் கொடுத்துவிட்டார்கள், திங்கட்கிழமை சேர்க்கப்போகிறோம் என்றாள். கதவோரம் நின்ற கலையரசி அதற்குத் தலையாட்டினாள். கெட்டிக்காரக் கண்கள். பரசுராமன் விடுவாரா? அந்த வரியை எடுத்து வீசினார். வாசலில் நின்ற மகளைக் கை காட்டினார்.

பொன்னி யோசித்தாள். வாத்தியார் சொல்வதை வாத்தியாரிடமே கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, வாசலைப் பார்த்து, "நீ சொல்லும்மா. படிப்பு நல்லா இருக்குதா?" என்றாள்.

பரசுராமன் கவலைப்படவில்லை. எப்போதும்போலத் தலையை அசைப்பாள் என்று இருந்தார். சத்யப்ரியா கதவோரம் நின்ற கலையரசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய் திறந்தாள்.

"வேணாங்க்கா. கலையரசிய அங்க சேர்க்காதீங்க."

தீர்ந்தது, இருபது போயிற்று, எல்லாம் போயிற்று என்று பரசுராமன் நினைத்தார். ஆனால் பொன்னியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வேறொன்று புரிந்தது. பொன்னி அந்த வார்த்தையை அவர் மகள் சொன்ன மாதிரி கேட்கவில்லை. ஊர்த் தெருப் பெண். வீட்டுக்குள் வர மாட்டேன் என்று வாசலில் நின்றவள். கொடுத்த ரஸ்னாவைக் குடிக்காமல் வைத்தவள். தான் படிக்கிற வகுப்புக்குக் காலனிப் பெண் வர வேண்டாம் என்கிறாள். பொன்னி சின்ன வயதில் இதே மாதிரி எத்தனை வாசலில், எத்தனை வகுப்பில் கேட்டிருப்பாள். காதுக்குப் பழகிப்போன செய்தி அது.

"உங்களுக்கு ஆவுது. எம் பொண்ணுக்கு மட்டும் ஆவாதா?" என்றாள் பொன்னி.

"ஐயோ, அப்படி இல்லக்கா. அங்க ஒண்ணுமே சொல்லித்தர்றது இல்ல."

"ஒண்ணுமே இல்லாத எடத்துல வாத்தியாரு பெத்த பொண்ண போடுவாரா? நீ சொல்லு, உன்ன எதுக்கு அங்க போட்டாரு?"

அதற்குப் பதில் சத்யப்ரியாவிடம் இருந்தது. ஒரு வருஷமாக அவள் தொண்டையில் இருந்த பதில்தான். அவள் அதைச் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தாள். நீயே சொல் என்று கேட்கிற பார்வை. ஒரு வருஷமாக சார் என்று கூப்பிட்டவள் அந்த நிமிஷத்தில் அப்பாவைத்தான் பார்த்தாள், அது அவருக்கும் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். வாலாஜாபாத்திலேயே சேரும்மா என்று எழுந்திருந்தால்கூடப் போதும்.

பரசுராமன் எழுந்தார். சுவர் ஓரம் மகள் வைத்துவிட்டிருந்த டம்ளரை எடுத்தார். பொன்னி பார்க்க அதை அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்தே முழுக்கக் குடித்தார். காலனியில் அவர் வாய் வைத்துக் குடித்த முதல் டம்ளர் அதுதான்.

"மனசுல வச்சிக்காதீங்கம்மா" என்றார். "ஊர்ல பாத்துப் பாத்துப் பழகின புத்தி, நாக்குல வந்துடுச்சு. நான் அந்த மாதிரி பாக்குறவன் இல்ல. எங்க வீட்ல இத நான் சொல்லிக்குடுக்கலம்மா."

பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினார். வகுப்பில் பேசுகிற குரல் வந்தது. "அக்காகிட்ட மன்னிப்புக் கேளு."

சத்யப்ரியாவின் உதடு அசைந்தது. அவள் எதையோ சொல்ல முயன்றாள், அதற்குத் தோதான சொல் ஒன்றும் அந்த வாசலில் இல்லை. என்ன சொன்னாலும் அது இன்னும் ஒரு வசவாகத்தான் பொன்னியின் காதில் விழும். அது தெரிந்ததும் அவள் முகத்திலிருந்து ஏதோ வடிந்து போயிற்று.

"மன்னிச்சுக்கோங்கக்கா" என்றாள்.

பொன்னி சமாதானமாகிவிட்டாள், ஆனால் வீம்பு தணியவில்லை. உள்ளே போய்ப் பெண்ணின் டி.சி. வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தாள். கலையரசி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா, நான் அக்கவுண்ட்ஸ் படிக்கிறேன்மா, எனக்கு அந்த ஸ்கூல் வேணாம்மா என்று அழுதாள். பொன்னி கையை உதறினாள்.

"வாயை மூடு. எங்க வேணாங்குறாங்களோ அங்கதான் நீ போய்க் குந்தணும். முதல் பெஞ்சுல குந்தணும்."

அந்த வார்த்தையில் ஒரு குற்றமும் கிடையாது. எந்தச் சபையில் சொன்னாலும் கை தட்டுவார்கள். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய இடங்கள் ஆயிரம் இருந்தன. இது ஒன்றுதான் சொல்லக்கூடாத இடம், அது தெரிந்த இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தி பேசி முடித்துவிட்டாள். இன்னொருவர் பிளாஸ்டிக் கவரை வாங்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

வண்டியில் ஏறும்போது பொன்னி பின்னாலேயே வாசலுக்கு வந்தாள். கோபம் ஆறியிருந்தது. கையில் நாலு மாங்காய். மரத்துக் காய்தான் என்று சொல்லி சத்யப்ரியாவின் மடியில் வைத்தாள். அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"கோவத்துல பேசிட்டேன் கண்ணு. நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும். எம் பொண்ணு வெளிய எங்கயும் போனதில்ல. உன் தங்கச்சி மாதிரி பாத்துக்கோ."

சத்யப்ரியா தலையை அசைத்தாள். பரசுராமன் முன்னால் பார்த்தபடி வண்டியைக் கிளப்பினார். அவருக்கு இருபது ஆகிவிட்டது.